பக்கவாட்டில் மூன்று மைக்ரோவோல்ட்

நாகமலைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை
இரவு பதினொன்றுக்கும் உமிழ்ந்துகொண்டிருக்கிறது.
சன்னலைத் திறந்தால் அனல்.
உள்ளே, கப்பலூரிலிருந்து ஆட்டோவில் வந்த
திரவ நைட்ரஜன் புகைந்து புகைந்து
ஒரு சின்னப் பளபளப்பைக் குளிர்விக்கிறது.

அரிசி மணியைவிடக் கொஞ்சம் நீளம்.
கோபால்ட், வெள்ளீயம், கந்தகம்.
ஷகிலா பர்வீன் வளர்த்த படிகம்.
குவார்ட்ஸ் குழாயில் அடைத்து
பதினேழு நாள் உலை அணையாமல் காத்தவள்;
மின்வாரியத்துக்கு அவள் எழுதிய மனுக்கள்
இன்னும் அலமாரியில் கிடக்கின்றன.
இப்போது மேலூரில், வங்கிக் கவுண்டருக்குப் பின்னால்
அடகு நகை நிறுக்கிறாள்.

செக்கானூரணிச் சந்தையில்
கோழி மேல் கவிழ்க்கும் பஞ்சாரம் பார்த்திருப்பீர்கள்:
முக்கோணம், முக்கோணம், நடுவே அறுகோண ஓட்டை.
இதன் அணுக்களும் அப்படித்தான் பின்னியிருக்கின்றன.
அந்தப் பின்னலில் எலக்ட்ரான் வழி தவறுகிறது.
தவறுகிறதா என்பது வேறு கேள்வி.

ஒரு முனையைச் சூடாக்கினேன். ஒரே ஒரு டிகிரி.
சூடு நேராகப் போகும்; எலக்ட்ரானும் கூடவே போகும்.
நான் அளப்பது அந்த நேரை அல்ல.
குறுக்கே, விலாப் பக்கம்,
வெள்ளிப் பசையில் ஒட்டிய முடிக்கம்பி இரண்டுக்கும் நடுவே
ஏதாவது ஊறுகிறதா என்று.

காந்தத்தை ஏற்றி, இறக்கி, சுழியத்தில் நிறுத்தினேன்.
பம்பைப் பார்க்க வந்த ஜெபமாலை அண்ணன்
சுவிட்சைத் தொட்டுப் பார்த்து,
“அணைச்சாச்சுல்ல, பெறகு என்னத்த எண்ணிக்கிட்டிருக்க?” என்றார்.
திரையில் ஐந்து மைக்ரோவோல்ட்.
“இத வச்சு என்ன ஓடும்?”
கைக்கடிகாரம் ஓட இதைப்போல
லட்சக்கணக்கில் கோக்க வேண்டும் என்றேன்.
டீ வாங்கப் போய்விட்டார்.

வெளியே காந்தமில்லை. தள்ள ஆளில்லை.
ஆனாலும் ஒதுங்குகின்றன.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு
விளக்குத்தூணில் இறங்கி, புதுமண்டபம் போகிறேன் பேர்வழி என்று
தெற்கு மாசி வீதியில் ஏதோ நைட்டிக் கடை வாசலில்
கரையொதுங்கியவர்களுக்கு இது புரியும்.
யாரும் முழங்கையால் இடித்திருக்க மாட்டார்கள்.
காலுக்குத் தெரியாமல்
தரையே திரும்பியிருக்கும்.

எலக்ட்ரானின் தரை இந்த ஊரில் இல்லை.
உந்தங்களால் கட்டிய இன்னொரு ஊர் அதற்கு உண்டு.
அங்கே சில முக்குகளில்
இரண்டு ஆற்றல் பட்டைகள் ஒரே புள்ளியில் தொட்டுக்கொள்ளும்.
வடக்கு மட்டும், அல்லது தெற்கு மட்டும்:
இங்கே எந்தக் காந்தத்தை உடைத்தாலும் கிடைக்காத
ஒற்றைத் துருவம்
அங்கே முக்கில் நின்று
போகிறவர்களைத் திருப்பிவிடுகிறது.

சரி, ஐந்தை நம்பலாமா?
காந்தத்தைத் தலைகீழாக ஏற்றி, மறுபடி சுழியத்துக்கு வந்தேன்.
கழித்தல் ஐந்து வர வேண்டும்.
வந்தது கழித்தல் ஒன்று.

யாரோ பொய் சொல்கிறார்கள். கம்பியோ, நானோ.

லென்ஸை வைத்துப் பார்த்தால்
ஒரு புள்ளிப் பசை மயிரிழை முன்னே தள்ளி உட்கார்ந்திருக்கிறது.
நேராகப் போகிற சூட்டிலிருந்து கொஞ்சம் களவாடி
என் கணக்கில் சேர்த்திருக்கிறது.
ஒட்டியது என் கைதான்; போன வாரம், பசியோடு.

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினேன்.
திருப்பிப் போட்டும் மாறாமல் நின்ற இரண்டு, பிழை.
திருப்பியதும் குறி மாறிய மூன்று,
அதுதான் படிகம் சொன்னது.

ஒத்தக்கடையில் நான் படித்த பள்ளியின் சுவரில்
நீல எழுத்தில் ‘மாறாததே மெய்’ என்றிருக்கும்.
ஏழு வருஷம் அதற்குக் கீழே நின்று
பிரார்த்தனை சொல்லியிருக்கிறேன்.

ஒன்றரை மணிக்கு மின்சாரம் போனது.
யுபிஎஸ் அழ ஆரம்பித்தது.
அதற்குள் நோட்டில் எழுதிவிட்டேன்: தேதி, குளிர், மூன்று.
டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.
ஷகிலாவுக்கு ஒரே சொல் அனுப்பினேன்: “மூணு.”

காலை ஆறே காலுக்கு,
மேலூர் பஸ்ஸிலிருந்தோ அடுப்படியிலிருந்தோ,
பதில் வந்தது:
“குறி மாறுதா?”